செஞ்சிக்குப் போனது

உதய்ப்பூருக்குப் போவதாகத்தான் இருந்தது. வங்கியில் தரும் விடுமுறைப் பிரயாணச் சலுகையில் அப்பாவையும் அழைத்துக்கொண்டு சித்தோர்கர், கும்பல்கர், உதய்ப்பூர் என்று பத்து நாள் சுற்றிவரத் திட்டமிட்டு, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. கிளம்ப மூன்று வாரம் இருக்கையில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிய டாக்டர், நீண்ட பிரயாணமெல்லாம் இப்போதைக்கு வேண்டாம் என்றார். டிக்கெட்டை ரத்து செய்தேன். அதே மாதம் குடும்பத்தோடு போய்வந்த சக ஊழியர் ஒருவர் படங்கள் அனுப்பினார். பிச்சோலா ஏரி, அதன் நடுவில் வெள்ளையாக ஒரு அரண்மனை, கரையில் இவர்கள். அப்பா போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"ஏரின்ற. மதகு எங்கடா?"

எங்கள் பக்கத்தில் ஏரி என்றால் கரை, மதகு, கலங்கல், கீழே ஆயக்கட்டு. இவை தென்படாத தண்ணீரை ஏரி என்று அப்பாவால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. படித்து வைத்திருந்ததைச் சொன்னேன். உதய்சிங் அந்த நகரத்தை 1559இல் நிறுவுவதற்கு வெகுகாலம் முன்பே, 14ஆம் நூற்றாண்டில், தானியப் பொதி ஏற்றிப் போகும் பஞ்சாரா ஒருவன் போட்ட கரையால் உண்டான ஏரி அது என்பார்கள். நடுவிலிருக்கும் மாளிகை 1740களில் கட்டப்பட்டது. 1960களில் அது ஓட்டலாகிவிட்டது.

"ராசா வூட்ல சோறு விக்கறாங்களா" என்று கேட்டு அப்பா போனைத் திருப்பித் தந்தார். சிறிது நேரம் கழித்து, "செஞ்சிக்கே போவலாம். அங்கயும் கோட்டை இருக்குது, கொளம் இருக்குது. ராசாவும் அந்தப் பக்கத்து ஆளுதான" என்றார்.

அவர் சொன்னது தேசிங்கு ராஜனை. அந்தப் பக்கம் என்பதும் ஏறக்குறைய சரிதான். தேஜ்சிங் ராஜஸ்தான்காரன் அல்ல, பந்தேல்கண்டைச் சேர்ந்த ராஜபுத்திரன்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து விழுப்புரம் போய், பஸ் மாறினால் செஞ்சி. திருவண்ணாமலைக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலிலிருந்து அந்தப் பாறைமலைகளைப் பார்த்திருக்கிறேன். இறங்கியது பள்ளிக்கூட நாளில் ஒரு தடவை. இதில் ஒரு பொருத்தம் உண்டு. திருச்சி சாலையும் சேலம் சாலையும் பிரிகிற இடம் எங்கள் ஊர். தெற்கே போகிறவர்களில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. டீ குடித்துவிட்டு மறுபடி பஸ் ஏறிவிடுவார்கள். நாங்கள் செஞ்சிக்குச் செய்துகொண்டிருந்ததும் அதைத்தான்.

போவதற்கு எனக்குள்ளே ஒரு சங்கடம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் இதுபோன்ற ஒரு பத்திரிகையில் நம் கதைப்பாடல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். தேசிங்கு ராஜன் கதையைத்தான் பிரதான உதாரணமாக எடுத்துக்கொண்டேன். தேசிங்கின் நண்பன் மகபத்கான், பாடலிலும் கூத்திலும் மோவுத்துக்காரன், மணக்கோலத்தில் இருக்கும்போது போர் என்று ஓலை வருகிறது. அவன் மணப்பந்தலை விட்டு எழுந்து குதிரையேறிப் போய், சண்டையிட்டு, நண்பனுக்கு முன்னால் செத்துப்போகிறான். இந்த இடத்தைச் சுட்டி, ஒரு கணத் தயக்கம்கூட இல்லாதவன் பாத்திரமாக முடியாது, அவன் வெறும் சம்பிரதாயம், மனித மனத்தோடு பரிச்சயமில்லாத மிகை இது என்றெல்லாம் எழுதினேன். நண்பர்கள் இருவர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். அப்பா பத்திரிகையை வாங்கி முழுதும் படித்தார். மேஜை மேல் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அவர் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. படித்தது விளங்கவில்லை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

சரித்திரத்தைப் பார்த்தால் அந்தக் கோட்டையில் தேசிங்குக்கு உள்ள இடம் மிகக் கொஞ்சம். 1590களின் கடைசியில், கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், இங்கே வந்த ஏசுசபைத் துறவி பிமெண்டா, லிஸ்பனைத் தவிர்த்தால் போர்ச்சுகலில் எந்த நகரமும் இவ்வளவு பெரியதில்லை என்ற பொருள்பட எழுதினார். பிறகு பீஜப்பூர்க்காரர்கள். 1677இல் சிவாஜி. அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கியிருந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர்கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுத்தான் இதைப் பிடிக்க முடிந்தது. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள். நடுவில் 1714இல் சில மாதங்கள் தேசிங்கு. கோட்டைத் தலைவனாக இருந்த அப்பா ஸ்வரூப்சிங் இறந்ததும் மகன் பொறுப்பை எடுத்துக்கொள்கிறான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் அதை ஏற்கவில்லை, கப்பப் பாக்கியையும் கேட்கிறான். என் உத்தியோக பாஷையில் சொன்னால் நிலுவைக் கடன், அங்கீகரிக்கப்படாத வாரிசு. அக்டோபர் 1714இல் நடந்த சண்டையில் இளைஞனாகவே செத்துப்போனான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதுவும் மராட்டியரை முன்னிட்டுத்தான்: பன்னிரண்டு கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் இது ஒன்று. ஆனால் விழுப்புரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவியிடம் அப்பா செஞ்சி என்றதும், "தேசிங்கு ராசா கோட்டையா" என்றுதான் அவள் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. நல்ல கூட்டம். கல்யாண மகால், குதிரை லாயங்கள், களஞ்சியம் என்று சமதரையில் உள்ளதையெல்லாம் அப்பா மெதுவாக நடந்து பார்த்தார். களஞ்சியத்துக்குள் நின்று சுவரைத் தட்டிப் பார்த்து, எத்தனை மூட்டை கொள்ளும் என்று மனக்கணக்குப் போட்டார். பிறகு ராஜகிரியின் அடிவாரத்தில் செட்டிகுளத்தின் கரையில் ஒரு நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"நான் இங்கயே குந்தியிருக்கறன். நீ மேல பாத்துட்டு வா."

ஏறினேன். 800 அடி உயரம் என்பது படிக்கும்போது பெரிதாகத் தெரிவதில்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே மலை பிளந்திருக்கிறது. இயற்கையான அந்தப் பிளவின்மேல் ஒரு பாலம். அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை ஒருவரும் நெருங்க முடியாது. மேலே ரங்கநாதர் கோவில், ஒரு பீரங்கி, நிறையக் குரங்குகள். கிருஷ்ணகிரியையும் சந்திராயன் துர்க்கத்தையும் ராஜகிரியோடு இணைத்துக்கொண்டு பாறைகளுக்கிடையே மதில் ஓடுவது தெரிந்தது. அந்தக் காட்சியின் முன் எனக்கு ஒரு விசாரம் வந்தது. சாம்ராஜ்யங்கள் அழியும், கல் மிஞ்சும் என்கிற வகை. வந்த வேகத்தைக் கண்டு சந்தேகம் தட்டியது. யோசித்தால் அது பி.ஏ. இரண்டாம் வருஷத்துப் பாடத்திட்டத்தினுடையது. இடிந்த கோட்டையைக் கண்டால் என்ன தோன்ற வேண்டும் என்பதை இங்கிலீஷ் கவிதைகளில் முன்கூட்டியே படித்துவிட்டிருந்தேன். கீழே குளத்தங்கரையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அப்பாவின் வேட்டியாக இருக்கலாம்.

இறங்கி வந்தபோது அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அதே இடத்தில் இருந்தார். தேசிங்கை இந்தக் கரையில்தான் எரித்தார்கள், ராணி இங்கேதான் உடன்கட்டை ஏறினாள் என்று சொல்வார்கள். அதைப் பற்றி யோசிக்கிறார் என்று நினைத்து, "தேசிங்கை எரிச்ச எடம்ப்பா இது" என்றேன்.

"தெரியும். மோவுத்துக்காரன் எங்க இருக்கறான்?"

"கடலியில சமாதி இருக்குது. கிட்டத்தான். குதிரைக்கும் அங்கயே இருக்குன்றாங்க. ஆட்டோவுல போலாம்."

அவர் வேண்டாம் என்று கையசைத்தார். பிறகு சொன்னார். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். சுருக்கும்போது நான் எதையும் சேர்த்துவிடக் கூடாது.

ஊரில் அப்பாவுக்கு ஒரு சிநேகிதர் இருந்தார், ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. ஜட்கா ஓட்டினார். எங்கே கூத்து என்றாலும் இரண்டு பேரும் அந்த வண்டியில்தான் போவார்கள். தேசிங்கு கூத்து என்றால் பத்து மைலானாலும் போவது. குதிரைக்கு நீலவேணி என்று பேர் வைத்திருந்தார். ஆண் குதிரைக்கு அந்தப் பேரா என்று ஊரே சிரித்தது. அப்பாவை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "ராசா" என்பார். 1979இல், அத்தையின் கல்யாணத்தன்று காலை, பந்தியில் அப்பா சோறு போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்து சொன்னான். வாந்திபேதி, ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது, பகல் தொழுகைக்குப் பிறகு எடுக்கிறார்கள்.

"நாலு தெருதான். போய்ட்டு ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்திருக்கலாம்."

"போவலையா?"

"கையில கங்கணம். கல்யாண வூட்லேர்ந்து சாவு வூட்டுக்குப் போவக் கூடாது."

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நானே நெனச்சிக்கிட்டன்."

சோற்று வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தாராம். அந்த வரிசையில் எத்தனை இலை என்பது ஞாபகமிருக்கிறது, பதினேழு. சில மாதங்கள் கழித்து ஒரு மாசித் திருவிழாவில் தேசிங்கு கூத்து வைத்தார்கள். ஓலை வந்ததும் மோவுத்துக்காரன் மாலையைக் கழற்றிப் போடும் கட்டத்தில் அப்பா எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் அந்தக் கூத்தைப் பார்க்கவில்லை. ஆனால் எனக்குச் சின்ன வயதில் அந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அப்போதெல்லாம் மாலையைக் கழற்றும் இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. குழந்தைக்கு அந்தக் கட்டம் சுவாரஸ்யப்படாது என்று விட்டதாக நினைத்திருந்தேன்.

"நீ எழுதினியே," என்றார். "அவன் கொஞ்சம்கூட யோசிக்க மாட்டான்னு."

"ஆமா."

"அவன் யோசிச்சா நாங்க எதுக்கு?"

இந்த வாக்கியத்தை நான் இன்னும் முழுதாகப் புரிந்துகொண்டதாகச் சொல்ல மாட்டேன். என் கட்டுரையில் நான் பாத்திரத்துக்குள்ளே தேடிய தயக்கம், பாயில் உட்கார்ந்து கூத்துப் பார்த்தவர்களிடம் இருந்திருக்கிறது. மோவுத்துக்காரன் சட்டென்று எழுந்துவிடுவதால்தான், நான் எழுவேனா என்று பார்க்கிறவன் தன்னைக் கேட்டுக்கொள்ள நேர்கிறது. அவனும் நம்மைப் போலப் பத்துப் பக்கம் மனத்துக்குள் போராடியிருந்தால், நாம் அவனைப் புரிந்துகொண்டு, நம்மையும் மன்னித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். நவீனச் சிறுகதை தயங்குகிறவனைப் பற்றியது. அதைப் படித்துப் பழகிய கண்ணால், தயங்காதவனைப் பற்றிய கதை யாருக்காகச் சொல்லப்படுகிறது என்பதை நான் பார்க்கவில்லை. பாடலைக் காகிதத்தில் மட்டும் படித்தவன் செய்யக்கூடிய பிழை. கதைப்பாடல்களில் மிகை இல்லை என்றோ, எல்லா மிகையும் இப்படிப் பயன்படுகிறது என்றோ இதனால் ஆகாது. தேசிங்கின் வீரத்தைப் பற்றி எழுதியதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த ஒரு பத்தியை எழுதும்போது, என் வீட்டிலேயே இருந்த வாசகரைக் கேட்காமல் எழுதிவிட்டேன்.

சாயங்காலம் விழுப்புரத்தில் பஸ் மாறினோம். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். அரசூர் தாண்டியபோது, ஊரில் இறங்கியதும் கபரஸ்தான் வரை போய்விட்டு வரலாமா, சிநேகிதர் கபர் எங்கே என்று கேட்டேன்.

"எந்த எடம்னு தெரியாது" என்றார் அப்பா. "அன்னிக்குப் போயிருந்தாத்தான தெரியும்."

ஊரில் இறங்கியபோது, திருச்சிக்குப் போகிற பஸ் ஒன்று டீக்காக நின்றிருந்தது. கூட்டத்தில் வழி விலக்கி அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். மாத்திரை சாப்பிடும் நேரம் தாண்டியிருந்தது.