பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா?



மஞ்சக்குப்பத்தில் இருக்கும் மகன் வயிற்றுப் பேரனுக்கு பிளேஸ்டேஷன் 5 வேண்டுமாம். சிதம்பரத்தில் இருக்கும் மகள் வயிற்றுப் பேரனுக்கு எக்ஸ்பாக்ஸ்தான் வேண்டுமாம். உங்களில் பலர் வீட்டிலும் இதே வழக்குதான் என்கிறீர்கள். விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எக்ஸ்பாக்ஸ் 2020 நவம்பர் 10-இல் வந்தது. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2-இல் வந்தது. டிஸ்க் போடும் மாடல் இரண்டிலுமே ரூ.49,990 என்றுதான் வந்தது. டிஸ்க் போட முடியாதவை மலிவாக வந்தன: எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் ரூ.34,990, டிஜிட்டல் பிளேஸ்டேஷன் ரூ.39,990.

இங்கேதான் கணக்குப் போட வேண்டும். நெட்டில் வாங்கி இறக்கிய விளையாட்டை அலுத்த பிறகு விற்க முடியாது, இரவல் கொடுக்கவும் வழியில்லை. பெரிய புது விளையாட்டு ஒன்று 2021-இல் ரூ.4,999 வரை போனது. இரண்டு டிஸ்க் இரவல் கிடைத்தாலே பிளேஸ்டேஷனில் மிச்சம் பிடித்த பத்தாயிரம் சரியாகிவிடும். ஆனால் ஒரு கம்பெனி டிஸ்க் மற்றதில் ஓடாது. ஆகவே, பிள்ளையின் கூட்டாளிகள் எதை வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

என் தீர்ப்பு இது: இருவருக்கும் ஒரே கம்பெனி, டிஸ்க் உள்ளது. எந்தக் கம்பெனி என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும். ஒரு வருஷமாக இருவரும் போனில்கூடப் பேசிக்கொள்வதில்லை. டிஸ்க் மாற்றவாவது பஸ் ஏறுவார்கள்.

உங்கள் வீட்டில் எப்படி? எழுதுங்கள்.