புறனடை இல்லாத படிவம்

இலக்கணம் நடத்துகிறவர்களுக்கு விதிகள் மாறுவது புதிய செய்தியன்று. பழையவை கழிவதும் புதியவை புகுவதும் காலத்தின் இயல்பு, அது குற்றமாகாது என்று நன்னூலில் பவணந்தியார் நமக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். ஆண்டுதோறும் வகுப்பில் இதை விளக்குகிறோம். மாணவர்கள் தலையாட்டுகிறார்கள். ஆனால் மாறிய விதியொன்று ஒரு மனிதர்மேல் போய் விழும்போது எப்படியிருக்கும் என்பதை நமக்குக் கற்பித்தது ஒரு கபடி அணியின் தகுதிப் படிவம்தான்.

2018ஆம் ஆண்டு. நாம் பணியாற்றும் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் ஓய்வுபெற்றுச் சென்றபின் அவ்விடம் நிரப்பப்படாமல் கிடந்தது. பொறுப்பு நம் தலையில் விழுந்தது. மாலை வேளைகளில் பெண்கள் ஆடும் களத்தருகே நின்று வேடிக்கை பார்ப்போம் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி நமக்கு இல்லை.

நாம் சிறுவயதில் அறிந்தது சடுகுடு. அறுவடை முடிந்த வயலில் காலால் கோடு கிழித்து, மூச்சு முட்டும்வரை பாடிக்கொண்டு போவோம். இப்போது பன்னிரண்டு மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம் என்று பெண்களுக்கான களம் அளந்து போடப்படுகிறது. பாடிச் செல்பவருக்கு முப்பது விநாடிதான். 2014இல் தொடங்கிய புரோ கபடி வேறு சில விதிகளை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்தது. இருமுறை புள்ளியின்றித் திரும்பினால் மூன்றாம் முறை புள்ளி எடுத்தே தீரவேண்டும். இல்லையேல் பாடிச் சென்றவர் வெளியேற வேண்டும். களத்தில் மூவரோ அதற்கும் குறைவாகவோ நிற்கும்போது எதிராளியைப் பிடித்துவிட்டால் கூடுதலாக ஒரு புள்ளி. இந்த இரண்டாவது விதி நமக்கு மிகவும் பிடிக்கும். குறைந்துபோனவர்களின் உழைப்புக்கு மதிப்பு அதிகம் என்று ஒரு விளையாட்டு ஒப்புக்கொள்கிறதல்லவா?

அந்த விதிக்காகவே பிறந்தவள்போல் ஒருத்தி இருந்தாள். பெயர் வேண்டாம். இடப்பக்க மூலையில் நிற்பாள். பாடி வருபவள் கோட்டைத் தொடக் கால் நீட்டும் கணத்தில் குனிந்து கணுக்காலைப் பற்றுவாள். பற்றிய பிடியை விட்டதை நாம் கண்டதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மூன்றாண்டு நூற்பாலையில் வேலை செய்து, அந்தப் பணத்தில் இளங்கலை படிக்க வந்தவள். பட்டம் பெற்றபின் தாயின் நோய்க்காக இரண்டாண்டு ஜவுளிக்கடையில் நின்றாள். அந்தக் கடைக்கே போய் அவளை முதுகலைக்கு அழைத்தவர்கள் நாம்தான். “இன்னும் இரண்டு பருவம் நீ ஆடலாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் கட்டணமும் குறையும்” என்று சொன்னோம். ஜூனில் சேர்ந்தாள். அன்றே களத்திலும் இறங்கினாள்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் தகுதிப் படிவங்களை நிரப்ப உட்கார்ந்தோம். விடைத்தாள் கட்டுகளுக்கு அடியில் பல்கலைக்கழகச் சுற்றறிக்கை கிடந்தது. வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. நாம் பிரித்துப் படிக்கவில்லை. வயது வரம்பு குறைக்கப்பட்டிருந்தது: ஜூலை 1 அன்று 25 வயது நிறைந்திருக்கக் கூடாது. ஓராண்டுக்குக் குறைவான சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தவர்கள் ஆடக் கூடாது. பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம்.

அவளுடைய சான்றிதழில் இருந்த தேதி 3.6.1993. இருபத்தெட்டு நாள் அதிகம்.

அழைத்துச் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “நான் பொறந்தது ஐப்பசி அடைமழையில ஐயா. அம்மா எப்பவும் சொல்லும்” என்றாள்.

இது நம் ஊர்ப்புறத்தில் எல்லோரும் அறிந்த கதை. பிறப்பைப் பதியாத வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வருவார்கள். ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். தலைமையாசிரியர் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார், நாட்காட்டியைப் பார்ப்பார், ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். நம் தலைமுறையில் பாதிப்பேர் ஜூனில் பிறந்தவர்கள்தாம். நம்முடைய தேதியும் அப்படி வந்ததுதான். ஐப்பசியில் பிறந்தவள் என்றால் ஜூலை 1 அன்று அவளுக்கு 25 நிறைய நான்கு மாதம் இருந்தது. ஆனால் படிவத்தில் ஐப்பசிக்கு இடமில்லை.

“அந்தத் தலைமையாசிரியர் சரியாக எழுதியிருக்கலாம்” என்று ஏதோ சொல்லிவைத்தோம்.

“அவரைச் சொல்லாதீங்க ஐயா. அவர் அந்தத் தேதி போடலேன்னா அந்த வருசம் என்னைச் சேர்த்திருக்க முடியாது. அடுத்த வருசம் எங்க அப்பா இல்ல. யாரு கொண்டுவந்து சேர்த்திருப்பா?”

நாம் வாயடைத்துப் போனோம். அவளைப் பள்ளிக்குள் சேர்த்த அதே பொய்த்தேதிதான் களத்திலிருந்து அவளை வெளியேற்றியது. அவளோ முதற்கணக்கை மறக்காமல் வைத்திருந்தாள்.

விதியை இயற்றியவர்களைப் பழிப்பது எளிது. ஆனால் அதற்கு முன்பு நாம் பார்த்த ஆட்டங்களும் நினைவில் இருக்கின்றன. வகுப்புப் பக்கமே வராமல், ஏதோ ஒரு குறும்படிப்பில் பெயரை மட்டும் பதிந்துகொண்டு, ஊர் ஊராகப் பரிசுக்கு ஆடும் முதிர்ந்த ஆட்டக்காரர்கள் கல்லூரிச் சட்டை போட்டு வந்து நின்றார்கள். அவர்களுக்கு எதிரே பதினெட்டு வயதுப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் இடத்தைக் காக்க ஒரு வரம்பு வேண்டும். வரம்பு என்றால் எங்கேயாவது ஒரு நாளில் கோடு விழத்தான் வேண்டும். கோட்டுக்கு அந்தப்பக்கம் ஒருவர் நிற்கத்தான் நேரும். இதெல்லாம் நமக்குப் புரிகிறது.

புரியாதது ஒன்றுண்டு. நம் இலக்கண ஆசிரியர்கள் நுணுக்கமாக விதி செய்தவர்கள். இருந்தும் பல இயல்களின் கடைசியில் புறனடை என்று ஒரு நூற்பா வைத்தார்கள். சொன்னவற்றுள் அடங்காமல் வழக்கில் வருவன உண்டு, அவற்றையும் ஆராய்ந்து தழுவிக்கொள்க என்பதே அதன் சாரம். தம் அறிவுக்கு எட்டாத ஒரு சொல் எங்கோ ஒரு சிற்றூரில் வழங்கக்கூடும் என்ற அச்சமும் மரியாதையும் அவர்களுக்கு இருந்தன. மில்லுக்குப் போய்விட்டுப் படிக்க வரும் பெண்கள் நம் மாவட்டங்களில் புதியவர்கள் அல்லர். அந்த ஆண்டுகளைக் கழித்துக் கணக்கிடலாம் என்று ஒரு வரி அந்தச் சுற்றறிக்கையில் இல்லை.

அந்த ஒரு வரியைக் கேட்டு மூன்று பக்கக் கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை. கடிதம் எழுதியதால் நம் குற்றம் தீர்ந்துவிடவும் இல்லை. சுற்றறிக்கையை அன்றே படித்திருந்தால் ஜூனிலேயே அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கடை வேலையை விடுவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்திருப்பாள். விதி அவளிடமிருந்து இரண்டு பருவங்களை எடுத்துக்கொண்டது. அந்த முடிவை எடுக்கும் உரிமையை நாம் எடுத்துக்கொண்டோம்.

அவள் படிப்பை விடவில்லை. மாலையில் மீண்டும் கடைக்குப் போனாள். அந்த ஆகஸ்டு 24 அன்று ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு இறுதியாட்டம். நம் பெண்கள் ஈரானிடம் 24க்கு 27 என்று தோற்றதை அணியினர் ஒரு கைப்பேசியைச் சுற்றி அமர்ந்து பார்த்தார்கள். கூட்டத்தில் அவளும் இருந்தாள். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வருந்திக்கொண்டிருக்க, அவள் முதலாண்டு மாணவி ஒருத்தியை எழுப்பிக் களத்தின் இடப்பக்க மூலைக்கு அழைத்துச் சென்றாள். கோட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், எப்போது குனிய வேண்டும் என்று காட்டினாள். பிறகு தானே பாடி வந்து காலை நீட்டினாள்.

“பிடி. பிடிச்சா விடாதே” என்ற குரல் நாம் நின்ற இடம்வரை கேட்டது.

இப்போதெல்லாம் சுற்றறிக்கை வந்த அன்றே பிரித்துப் படித்துவிடுகிறோம். புறனடை நூற்பாவை நடத்தும் நாளில் மட்டும் குரல் சற்றுத் தழுதழுக்கிறது. காரணம் மாணவர்களுக்குத் தெரியாது.