980 பெரிதா, 2.5 பெரிதா?



பிளஸ் டூவில் மின்தேக்கிப் பாடம் நடத்தும்போது ஒரு கணக்குப் போடுவேனே, ஞாபகம் இருக்கிறதா? பூமியை ஒரு கோளக் கடத்தியாக எடுத்துக்கொண்டால் அதன் மின்தேக்குத்திறன் எவ்வளவு? ஆரம் 6400 கிலோமீட்டர். மீட்டராக்கி 9 × 10⁹ ஆல் வகுத்தால் 0.000711 ஃபாரட். இத்தனை பெரிய பூமிக்கே ஒரு ஃபாரட் தேறவில்லையா என்று கடைசி பெஞ்சில் சிரிப்பு எழும். ஒரு தனிக்கோளத்துக்கு ஒரு ஃபாரட் வேண்டுமானால் ஆரம் 90 லட்சம் கிலோமீட்டர் இருக்க வேண்டும். சூரியனின் ஆரத்தைப் போல ஏறக்குறைய 13 மடங்கு!

மைக்கேல் ஃபாரடேயின் பெயர் தாங்கிய அந்த அலகு அவ்வளவு பெரியது. அதனால்தான் அதைச் சில்லறையாக மாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு ஃபாரட் என்பது பத்து லட்சம் மைக்ரோ ஃபாரட். ஒரு மைக்ரோ என்பது 1000 நானோ. ஒரு நானோ என்பது 1000 பிக்கோ. இவ்வளவுதான் பாடம். ஆனால் பெருக்குவதா வகுப்பதா என்பதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். ஒரு படி அரிசியை ஆழாக்கால் அளந்தால் எட்டு வரும். அளக்கும் பாத்திரம் சின்னதானால் எண்ணிக்கை கூடும், அரிசி கூடாது.

போன மாதம் எங்கள் பெரியம்மா வீட்டில் ஃபேன் நகராமல் நகர்ந்துகொண்டிருந்தது. அவருக்கு 83 வயது, படுத்த படுக்கை. மே மாத வெயிலில் நான்கு இரவுகள் தூக்கமில்லை. டிப்ளமோ படிக்கும் பேரன் கண்டென்சரைக் கழற்றி, மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தான்.

"சித்தப்பா, மேலே 2.5 போட்டிருக்கு. மீட்டர் 980 காட்டுது. கண்டென்சர் நல்லாத்தான் இருக்கு. மோட்டார்தான் போச்சு, புது ஃபேன் வாங்கச் சொல்லிட்டேன்."

"980-க்குப் பக்கத்தில் என்ன எழுத்துடா இருக்கு?"

"சின்ன என், பெரிய எஃப்."

"டப்பாவில்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "மியூ எஃப், சித்தப்பா" என்றான்.

980 நானோவை 1000 ஆல் வகுத்தால் 0.98 மைக்ரோ. இருக்க வேண்டியது 2.5. பாதிகூட இல்லை! பிறகு ஃபேன் எப்படிச் சுற்றும்? புதுக் கண்டென்சர் 80 ரூபாய். அன்று இரவு பெரியம்மா போர்வை கேட்டாராம். பெரியப்பா வாங்கிப் போட்ட ஃபேன் என்பதால் அதை மாற்ற அவருக்கு மனமே இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

(கழற்றும் முன் மெயினை அணையுங்கள், கண்டென்சரில் மின்னூட்டம் மிச்சமிருக்கலாம். 2.5-க்குப் பதில் 4 போட்டால் வேகமாக ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வைண்டிங் சூடாகும். அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் பார்த்து வாங்குங்கள்.)

கண்டென்சர் மேல் எம்எஃப்டி என்று போட்டிருந்தால் அது மைக்ரோ ஃபாரட்தான். அதை மில்லி என்று படித்தால் ஆயிரம் மடங்கு தவறிவிடும். பழைய ரேடியோக்களில் எம்எம்எஃப்டி என்று இரண்டு எம் இருக்கும். அது மைக்ரோவில் மைக்ரோ, இன்றைய பிக்கோ. நம் பசங்களில் ரேடியோ பைத்தியங்கள் இரண்டு மூன்று பேர் உண்டு, அவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

சின்ன செராமிக் கண்டென்சரில் அலகே எழுதியிருக்காது. 104 என்று மட்டும் இருக்கும். 10 எழுதி, பக்கத்தில் நான்கு பூஜ்யம் போடுங்கள்: 1,00,000 பிக்கோ. அதாவது 100 நானோ, 0.1 மைக்ரோ. எண்ணுக்குப் பின்னால் கே என்ற எழுத்து இருந்தால் அது கிலோ இல்லை. 10 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று பொருள்.

சரி, உங்களுக்கு ஒரு கேள்வி. 473 என்று போட்டிருந்தால் எத்தனை மைக்ரோ ஃபாரட்? கூகுளைக் கேட்காமல், பிள்ளைகளையும் கேட்காமல் கீழே எழுதுங்கள். ஸ்டெப்புக்கும் மார்க் உண்டு.