காலையின் முதல் அடி

கட்டிலிலிருந்து இறங்கிக் கடப்பைக்கல் தரையில் முதல் அடி வைத்ததும், குதிகாலின் உட்பக்கத்திலிருந்து உள்ளங்கால் வளைவுவரை ஆணி ஏற்றியது போல ஒரு குத்து. நாலு எட்டு நொண்டி நடந்தால் குறைந்துவிடும். குறைந்துவிட்டதே என்று மறுபடி ஓடப் போவார். சாயங்காலம் வலி திரும்பி வரும். சித்தூரைச் சேர்ந்த அந்த ஜவுளிக் கடைக் கணக்கர் ஆறு வாரம் இப்படியே சமாளித்தார்.

வயது 44. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பதாக டாக்டர் சொன்ன பிறகு ஓடத் தொடங்கியவர். முதல் வாரமே தினம் மூன்று கிலோமீட்டர், மூன்றாவது வாரத்தில் ஆறு. காலில் தேய்ந்துபோன கான்வாஸ் ஷூ. எதிரே புரட்டாசி வேறு. மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, அலிபிரியிலிருந்து திருமலைக்கு வெறுங்காலோடு படியேறி வருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். சுமார் 3,550 படிகள்.

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை விசிறிபோல் விரியும் கெட்டியான நார்ப்பட்டைதான் இங்கே குற்றவாளி. வில்லுக்கு நாண் எப்படியோ அப்படிப் பாதத்தின் வளைவுக்கு அது. திடீரென்று சுமை கூடினால் குதிகாலை ஒட்டிய இடத்தில் நொந்துபோகிறது. இரவெல்லாம் சுருங்கிக் கிடப்பது காலையில் சட்டென்று இழுபடுவதால்தான் முதல் அடிக்கு அவ்வளவு வலி. எக்ஸ்ரே எடுத்தால் குதிகாலில் முள்போல் எலும்பு வளர்ந்திருப்பது சிலருக்குத் தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு.

“எங்க தாத்தா செருப்பே போட்டதில்லை. அவருக்கு எங்கே வந்தது இந்த வலி?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. மணிப்பால் மருத்துவர்கள் 2,300 குழந்தைகளைப் பரிசோதித்து 1992-இல் வெளியிட்ட ஆய்வில், செருப்பு, ஷூ அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்குத்தான். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடியே வென்றார். ஆனால் அவை சிறுவயது முதல் தரையில் பழகிய பாதங்கள். நாற்பது வருடம் ஷூவுக்குள் சொகுசாக இருந்த பாதத்தை ஒரே மாதத்தில் கழற்றி ஓடவிட்டால் அது முரண்டு பிடிக்கும்.

படிக்கட்டு இன்னொரு சோதனை. அவசரத்தில் முன்பாதத்தை மட்டும் படியில் ஊன்றிக் குதிகாலை அந்தரத்தில் தொங்கவிட்டு ஏறுகிறோம். கெண்டைக்காலும் உள்ளங்கால் நாரும் ஒருசேர இழுபடுகின்றன. ராமானுஜர் முழங்காலாலேயே ஏறினார் என்று சொல்லப்படும் மலை அது. நம்மவர்கள் குதிகாலையாவது படியில் வைக்கலாம்.

கணக்கர் கடைசியில் டாக்டரிடம் போனார். மாத்திரையைவிட வீட்டுப்பாடம்தான் அதிகம் கிடைத்தது. படுக்கையை விட்டு எழுமுன் ஒரு காலை மற்றதன் மேல் போட்டு, கால்விரல்களைக் கையால் முன்னங்கால் பக்கம் வளைத்துப் பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். இப்படிப் பத்து முறை. நாளைக்கு மூன்று வேளை. சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவது தனி. தண்ணீர் பாட்டிலை உறையவைத்து அதன்மேல் பாதத்தைப் பத்து நிமிடம் உருட்டலாம் (சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள் பனிக்கட்டிப் பக்கமே போகக்கூடாது, வெறுங்கால் நடையும் அவர்களுக்கு ஆபத்து). வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு. வலி சற்று அடங்கிய பின், விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துப் படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்கும் பயிற்சி. ஸ்டீராய்டு ஊசி வலியைச் சீக்கிரம் குறைக்கும். அடிக்கடி போட்டால் நாரே அறுந்துபோகக்கூடும் என்பதால் டாக்டர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வீக்கம், மரமரப்பு, எலும்பின் ஒரே இடத்தில் தொட்டால் வலி என்றிருந்தால் அது வேறு கதை, உடனே காட்ட வேண்டும் என்றார்.

ஓட்டத்தையும் புதிதாக ஆரம்பிக்கச் சொன்னார்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலை முதல் அடியில் வலி கூடியிருந்தால் முந்தைய நாள் அதிகம் ஓடிவிட்டோம் என்று அர்த்தம். பெரும்பாலோருக்கு இந்த வலி ஒரு வருடத்துக்குள் போய்விடும். வாரக் கணக்கில் குணத்தை எதிர்பார்க்கிறவர்களுக்குத்தான் ஏமாற்றம்.

அந்தப் புரட்டாசியில் மனைவியும் மகளும் படியேறினார்கள். அவர் பஸ்ஸில் போய் மேலே காத்திருந்தார். வேண்டுதல் தள்ளிப்போனதில் அவருக்கு மன உறுத்தல்தான். தெலுங்கில் அந்தப் பெருமாளுக்கு ‘வட்டிக் காசுக்காரர்’ என்று ஒரு பெயர் உண்டு. வட்டியோடு தீர்த்துவிடலாம் என்றாள் மகள். மாசி மாதம் தீர்த்தார். முழுப் பாதமும் படியில் பதிய நிதானமாக ஏறி, காலி கோபுரத்தில் அரைமணி உட்கார்ந்து, மேலே சேர நாலரை மணி நேரம் ஆயிற்று. கீழே இறங்கியது பஸ்ஸில்.