ஆறு பாகை

பெற்றோல் எஞ்சினில் தீப்பொறி எப்போது விழவேண்டும் என்று கேட்டால், பிஸ்டன் உச்சிக்கு வந்தவுடன் என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே விழவேண்டும். உள்ளே போன பெற்றோலும் காற்றும் எரிந்து பரவ நேரம் எடுக்கும். முழு அழுத்தமும் வரும்போது பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். எங்கள் படகின் வயிற்றுக்குள் இருப்பது பழைய ஷெவ்ரோலே 5.7 லீற்றர் வீ-8. நிமிடத்துக்கு 600 சுற்றில் சும்மா ஓடும்போது அதற்கு 8 பாகை முந்தவேண்டும். நேரக் கணக்கில் ஒரு செக்கனில் 500இல் ஒரு பங்கு மட்டில்தான். வேகம் கூடக் கூட, டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு சிறு எடைகள் விரிந்து அதை 30 பாகை வரைக்கும் முன்னுக்குத் தள்ளும்.

காரில் ஒன்றிரண்டு பாகை பிசகினால் பெரிதாகத் தெரியாது. ஏற்றம் ஏறினால் பிறகு இறக்கம் வரும். எஞ்சின் மூச்சு விடும். படகுக்கு இறக்கம் கிடையாது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடுவது நாள் முழுக்க மலை ஏறுவது போல. தீப்பொறி அளவுக்கு மிஞ்சி முந்தினால், எரியாமல் மிஞ்சியது தானாக வெடித்துத் தட்டும். நொக்கிங் என்பது அதுதான். படகில் அந்தச் சத்தம் தண்ணீர் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். ஒருவருக்கும் கேட்காமலே பிஸ்டன் ஓட்டையாகலாம். ஒன்ராறியோ ஏரியில், கரை மெல்லிய கோடாகத் தெரியும் இடத்தில் அது நடந்தால் இறங்கி நடந்து வர முடியாது.

ஸ்கார்பரோவின் புளஃபர்ஸ் பார்க் படகுத்துறையில், மே மாதத்தில் படகை இறக்கியவுடன், எங்கள் ஊர் அண்ணை ஒருவரை வரச்சொன்னேன். யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். இங்கே வந்த பிறகு மெக்கானிக் லைசென்ஸுக்குப் படிக்கவும் பரீட்சை எழுதவும் வசதி வரவில்லை. பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் 22 வருடம். வயது 72. தொழிற்சாலை மெஷின்களோடு காதின் பாதி போய்விட்டது. மெல்லிய, உயர்ந்த சத்தம் ஒன்றும் அவருக்குக் கேட்காது. குருவிச் சத்தம் கேட்டுக் கன காலம் என்பார்.

பெற்றோல் எஞ்சின் படகுக்குள் இருந்தால், ஸ்ராட் பண்ணுமுன் காற்று விசிறியை நான்கு நிமிடமாவது ஓடவிட வேண்டும். அடியில் தேங்கிய ஆவிக்கு ஒரு பொறி போதும். அந்த நான்கு நிமிடமும் அண்ணை மோந்து பார்த்தபடி நின்றார். பிறகு ஓடவிட்டு, டைமிங் லைற்றை முன்பக்க வளையத்தில் பிடித்தேன். கோடு 8இல் அசையாமல் நின்றது.

"லைற் சரியெண்டு சொல்லுது அண்ணை."

"சொல்லும். சூடாக்கிப்போட்டு நிப்பாட்டித் திருப்பி அடி, பாப்பம்."

அடித்தேன். ஸ்ராட்டர் ஒருதரம் திணறி, உதைத்து, பிறகு சுழன்றது. அவர் கை எஞ்சின் மேல் இருந்தது. "உதைக்குது தம்பி. உச்சிக்கு வர முந்தியே வெடிக்குது. கூடிப்போச்சு."

இந்தக் கை எங்கே பழகியது என்று எனக்குத் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. ஏ40 கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு. பெற்றோலுக்கு வைத்த டைமிங்கில் விட்டால் தட்டித் தட்டியே எஞ்சினைத் தின்றுவிடும். அதனால் டிஸ்ரிபியூட்டரைத் திருப்பிப் பொறியைப் பிந்த வைக்கவேண்டும். எவ்வளவு என்று ஒரு புத்தகத்திலும் இல்லை. இவரும் இவரைப் போன்றவர்களும் காதால் கேட்டுத்தான் வைத்தார்கள். அம்புலன்சாக ஓடிய வாகனங்களுக்கும் அப்படித்தான். அந்தத் தொழிலைப் பற்றி நாங்கள் அதிகம் எழுதவில்லை என்பது என் குறை.

"ஏரிக்குள்ள கொண்டுபோய்ப் பாரத்தில கேக்கவேணும். என்ர காது காணாது. உன்ரயும் அவ்வளவுதான். பிள்ளையைக் கூப்பிடு."

மகளுக்கு 16 வயது. தலைமயிரை இறுக்கிக் கட்டச் சொல்லி, ஒரு றப்பர்க் குழாயின் ஒரு முனையை அவள் காதில் வைத்து, மற்றதை எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்தார். 3000 சுற்றில் திறொட்டிலை அமத்தினேன்.

"என்ன கேக்குது பிள்ளை?"

அவள் தமிழில் சொல் தேடினாள். "மாமா, பேணிக்குள்ள சில்லறை போட்டுக் குலுக்கிற மாதிரி."

"அதுதான்! அதேதான்!" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவர் கேட்டு எத்தனை வருடமாயிற்றோ.

துறைக்குத் திரும்பி எஞ்சினை ஆறவிட்டு, முதலாம் பிளக்கைக் கழற்றி, பிஸ்டனை மறிக்கும் கட்டையைத் துளையில் பூட்டினோம். கையால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சுற்றி, முட்டுகிற இரண்டு இடத்தையும் குறித்தோம். நடுவில் வருவதுதான் உண்மையான உச்சி. வளையத்தின் கோடு அங்கே பூச்சியத்தில் நிற்கவில்லை. 6 பாகை தள்ளி நின்றது. அந்த வளையம் நடுத்துண்டோடு றப்பரால் ஒட்டப்பட்டது. றப்பர் முதிர்ந்தால் வளையம் மெல்ல வழுக்கும், கோடும் அதோடு போகும். லைற் காட்டிய 8 உண்மையில் 14. லைற்றில் பிழை இல்லை. அது கோட்டை மட்டும்தான் பார்த்தது.

9/16 ஸ்பானரை மகளிடம் கொடுத்தார். இந்த எஞ்சினில் டிஸ்ரிபியூட்டரின் ரோட்டர் மணிக்கூட்டுத் திசையில் சுற்றும். அதே திசையில் உடலைத் திருப்பினால் பொறி பிந்தும். போல்ட்டைத் தளர்த்தி, நகம் அளவு திருப்பி, இறுக்கினாள். திரும்ப ஏரிக்குப் போனோம். 3000 சுற்று.

"இப்ப?"

"ஒண்டும் இல்ல மாமா."

"வடிவாக் கேள்."

"இல்ல. தண்ணிச் சத்தம் மட்டும்தான்."

இந்த எஞ்சினின் புது வளையத்துக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். வரும்வரைக்கும், பழையதின் மேல் மகளின் வெள்ளை நகப்பூச்சால் கீறிய கோடுதான் பூச்சியம்.