பழைய பேட்டரியும் புது லைட்டும்

புனேயில் டிசம்பரில் ஆறரைக்கே இருட்டிவிடும். பையன் டியூஷன் போக சைக்கிளுக்குப் புது லைட் வாங்கினேன். மூணு செல் போடணும். டிராயரில் கிடந்த பழைய ரீசார்ஜபிள் இரண்டு, புது அல்கலைன் ஒன்று என்று போட்டு அனுப்பினேன். பாங்க்காரன் சிக்கனம்!

பாதி வழியில் லைட் அவுட். லாரி ஓடும் ரோட்டில் தள்ளிக்கொண்டே வந்தான் பிள்ளை. தங்கமணி ஒன்றும் பேசவில்லை. அதுதான் பயம்.

அல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜபிள் 1.2. சும்மா கிடந்தாலே சார்ஜ் இறங்கும். வரிசையில் ஒன்று காலியானால் மற்றவை அதன்வழி கரண்ட்டைத் தள்ளி அதையும் கெடுக்கும், ஒழுகவும் செய்யும். கூட்டுக்கடன் மாதிரிதான்.

இப்போது ஒரே செட், ஞாயிறுதோறும் சார்ஜ். பழசு சுவர்க்கடிகாரத்துக்குப் போயாச்சு. அங்கே நின்றால் கடிகாரம்தானே நிற்கும்!