பள்ளத்தாக்கில் ஒரு கீழ்க்குரல்

தேனியிலிருந்து போடி, தேவாரம் வழியாகப் பேருந்தில் தெற்கே செல்வோருக்கு, மேற்கு மலைத்தொடர் வலப்புறத்தில் இடைவிடாது துணை வரும். அவ்வழியில் உள்ள சிற்றூரே பண்ணைப்புரம். 1943-ல் அங்குப் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசை பயின்றார். பின்னர், மாணிக்கவாசகரின் திருவாசகத்தைச் சிம்பொனி இசையோடு இணைத்து 2005-ல் வெளியிட்டார். அம்முயற்சியை முன்னின்று நடத்திய தமிழ் மையத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது நாம் மகிழத்தக்க செய்தி. பழம்பாடலும் உரிய குரல்கள் கிடைத்தால் புத்துயிர் பெறும் அன்றோ!

இவ்வெண்ணத்துடனேயே, திருவருகைக் காலத்துச் சனிக்கிழமை மாலை, கம்பம் பள்ளத்தாக்கின் பங்கு ஒன்றில் இறங்கினேன். ஆலயத்தில் பாடற்குழுவின் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. திராட்சைத் தோட்டத்தில் வேலை முடித்து வந்த பெண்கள், கல்லூரி மாணவர், ஓர் ஆசிரியர் என இருபது பேர் இருப்பர்.

முதலில் நற்கருணை ஆசீருக்குரிய ‘தாந்தும் எர்கோ’. 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இயற்றியது. அடுத்து, ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊரில் 1818-ல் யோசேப் மோர் என்னும் குருவும், குரூபர் என்னும் பள்ளி ஆசிரியரும் கித்தார் துணையுடன் முதன்முதல் பாடிய ‘அமைதி இரவு’ப் பாடல். இறுதியில், 1963-ஆம் ஆண்டின் திருவழிபாட்டுச் சாசனம் தாய்மொழிக்கு வழி திறந்தபின் மலர்ந்த தமிழ்ப் பாடல்கள். சென்னையில் 1893-ல் தோன்றிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் போன்ற பெருங்குழுக்கள் பல நூற்றாண்டு இசையைப் பாடுவதை அறிவோம். இச்சிறு குழுவும் தன்னால் இயன்ற அளவில் அதையே செய்தது.

ஆயினும் ஒரு குறை கண்டேன். பெண்களின் மேற்குரல், கீழ்க்குரல், ஆண்களின் மேற்குரல் ஆகிய மூன்றுக்கும் ஆள் இருந்தனர். ஆண்களின் கீழ்க்குரலுக்கோ ஒருவரே! எண்பதை நெருங்கும் முன்னாள் உபதேசியார் அவர். இலத்தீன் பூசைக் காலத்தில் பீடச் சிறுவனாக நின்றபோது காதால் கேட்டுப் பழகிய குரல். எந்த ஏட்டிலும் அது எழுதப்படவில்லை. அவர் இருமலுக்கு நிறுத்தியபோது, பாட்டின் அடித்தளமே விலகியது போன்றிருந்தது.

“தாத்தா, நீங்கள் பாடுவதைக் கைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளட்டுமா?” என்றாள் ஒரு மாணவி.

“பதிந்துகொள் தாயி. ஆனால் அது நான் பாடியதைத்தானே பாடும்? உன் தம்பியை என் பக்கத்தில் நிற்கச் சொல். மற்ற மூன்று குரலையும் கேட்டுக்கொண்டே தன் குரலை விடாமல் பிடிக்க அவன் பழக வேண்டும்” என்றார் பெரியவர்.

விசைப்பலகை அருகே நின்ற சிறுவன் தயங்கித் தயங்கி வந்தான். முதல் முறை மேற்குரலோடு ஓடிப்போனான். இரண்டாம் முறையும் அவ்வாறே. மூன்றாம் முறை பெரியவர் அவன் தோளில் கை வைத்தார். நான்கு அடி வரை தவறாமல் வந்தான்!

அன்புக் குடும்பத்தாரே! நம் பங்குகளிலும் இத்தகைய பெரியவர்கள் இருப்பர். விசைப்பலகையின் பேரொலியில் அவர்கள் குரல் கேளாதிருக்கலாம். வரும் சனிக்கிழமை நம் பிள்ளைகளை அவர்கள் அருகே அனுப்பி வைப்போம். ஏழு நூற்றாண்டு கடந்து வந்த பாடல் நம் காலத்தில் நின்றுபோக வேண்டாம்.